வருமுன், வளருமுன், முற்றுமுன்: நோய்த்தடுப்பின் மூன்று படிகள்

சேலத்தில் கூலி வேலை செய்யும் ஒருவரிடம் "பெரிய நோய் வந்தால் செலவுக்கு என்ன செய்வீர்கள்?" என்று கேட்டால், "அதான் காப்பீட்டு அட்டை இருக்கே" என்பார். அது நல்ல ஏற்பாடுதான். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில், ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருக்கும் குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை கிடைக்கிறது. அட்டை இல்லாதவர்கள் முதல் வேலையாக அதை வாங்கிவிட வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன்.

ஆனால் அட்டை சிகிச்சைக்கான பணத்தை மட்டுமே தரும். வேலைக்குப் போகாத நாளின் கூலியைத் தராது. கூட வந்து ஆஸ்பத்திரி வராந்தாவில் உட்கார்ந்திருப்பவரின் கூலியையும் தராது. சிறுநீரகம் செயலிழந்தவர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை டயாலிசிஸ், அதாவது இயந்திரத்தால் ரத்தத்தைச் சுத்தம் செய்யும் சிகிச்சை, செய்ய வேண்டும். ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய நான்கு மணி நேரம் ஆகும். போகவர நேரத்தையும் சேர்த்தால் அன்றைய வேலை போய்விடும். துணைக்கு ஒருவர் வேண்டும், அவர் வேலையும் போய்விடும். நாள் கூலி 600 ரூபாய் என்றும், வாரத்துக்கு இரண்டே முறை என்றும் வைத்துக்கொண்டால்கூட வாரம் 2,400 ரூபாய் ஆகிறது. மாதத்துக்குப் பத்தாயிரத்தைத் தாண்டுகிறது. சிகிச்சைக்கு ஒரு ரூபாய்கூடக் கட்டாத குடும்பத்தின் கணக்கு இது.

அந்தச் சிறுநீரகம் ஏன் கெட்டது என்று பின்னோக்கிப் போய்ப் பார்த்தால், பெரும்பாலும் கட்டுப்பாட்டில் இல்லாத சுகர் இருக்கும், அல்லது பல வருடமாக யாரும் அளந்தே பார்க்காத பிரஷர் இருக்கும். நோயைத் தடுப்பது என்றால் என்ன என்பதை இங்கிருந்து தொடங்கினால் எளிதாகப் புரியும்.

மூன்று படிகள்

நோய்த்தடுப்பு என்றதும் தடுப்பூசியும் மூலிகைக் கஷாயமும்தான் பலருக்கு நினைவுக்கு வரும். மருத்துவத்தில் அதற்கு மூன்று படிகள் உண்டு. முதல் படி, நோயே வராமல் பார்த்துக்கொள்வது. இரண்டாவது, உள்ளே வந்துவிட்ட நோயை அது தொல்லை கொடுக்கத் தொடங்கும் முன்பே கண்டுபிடித்துவிடுவது. மூன்றாவது, இருக்கிற நோய் முற்றிக் கால், கண், சிறுநீரகம் என்று ஒவ்வொன்றாகப் பறித்துக்கொண்டு போகாமல் நிறுத்தி வைப்பது.

அம்மாபேட்டை, கொண்டலாம்பட்டிப் பக்கம் தறி ஓட்டுகிறவர்களுக்கு இதை விளக்கவே வேண்டியதில்லை. பாவில் ஓர் இழை அறுந்ததும் தறியை நிறுத்தி முடிச்சுப் போட்டுவிட்டால் ஒரு நிமிட வேலை. கவனிக்காமல் ஓடவிட்டால் முழம் முழமாகத் துணி பாழாகிவிடும். நல்ல நூலைப் போட்டிருந்தால் இழையே அறுந்திருக்காது. மூன்று படியும் இதில் அடங்கிவிடுகிறது.

இந்த மூன்றில் நாம் அதிகம் பேசுவது முதல் படியைப் பற்றி. அதிகம் கோட்டைவிடுவது இரண்டாவதில். செலவே இல்லாத படியும் அதுதான் என்பதால், அதையே முதலில் பார்த்துவிடலாம்.

வலிக்காத நோய்களை அளந்துதான் பிடிக்க முடியும்

ரத்த அழுத்தத்துக்கு, அதாவது பிரஷருக்கு, பெரும்பாலும் அறிகுறியே கிடையாது. "எனக்குத் தலைசுற்றல் இல்லை, மயக்கம் இல்லை, அதனால் பிரஷர் இல்லை" என்று சொல்வது சரியல்ல. பிரஷரின் மேல் அளவு 160, 170 இருந்துகொண்டே சுமை தூக்குகிறவர்கள் இருக்கிறார்கள். அழுத்தம் கூடுதலாக இருக்கும்போது ரத்தக் குழாய்களின் உட்சுவர் கொஞ்சம் கொஞ்சமாகத் தடித்துக் கெட்டியாகிறது. இதயம் கூடுதல் வேலை பார்க்கிறது. சிறுநீரகத்தின் நுண்ணிய வடிகட்டிகள் நைந்து போகின்றன. எதுவும் வலிக்காது. பத்துப் பதினைந்து வருடம் கழித்து ஒருநாள் பக்கவாதமாகவோ மாரடைப்பாகவோ வெளியே வரும்போது, "நேற்று வரைக்கும் நன்றாகத்தானே இருந்தார்" என்று ஊர் சொல்லும்.

சுகரும் அப்படித்தான். 2023-இல் வெளிவந்த, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) தேசிய அளவிலான ஆய்வு, இந்தியாவில் 10 கோடிக்கு மேற்பட்டவர்களுக்கு நீரிழிவு இருப்பதாகக் கணக்கிட்டது. இன்னும் 13 கோடிக்கு மேற்பட்டவர்கள் அதற்கு முந்தைய கட்டத்தில் இருப்பதாகவும் சொன்னது. இந்த இரண்டாவது எண்தான் நமக்கு முக்கியம். காலையில் வெறும் வயிற்றில் பார்க்கும் ரத்தச் சர்க்கரை 100-க்குக் கீழே இருந்தால் இயல்பு. 126 அல்லது அதற்கு மேல் என்றால் நீரிழிவு. நடுவில் 100 முதல் 125 வரை இருக்கிறதே, அந்த இடைவெளியில் இருப்பவர்கள்தான் இந்த 13 கோடிப் பேரில் பலர். அங்கே இருப்பவர் திரும்பி வரலாம். அதற்கு, தான் அங்கே இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

திரும்பி வரலாம் என்பது வெறும் ஆறுதல் வார்த்தை அல்ல. சென்னையில் நடந்து 2006-இல் வெளியான ஒரு ஆய்வில், சர்க்கரை எல்லைக் கட்டத்தில் இருந்த சுமார் 500 பேரை ஏறக்குறைய மூன்று வருடம் கவனித்தார்கள். ஒன்றும் செய்யாமல் வழக்கம்போல இருந்தவர்களில் 100-க்கு 55 பேருக்கு நீரிழிவு வந்தது. தினமும் அரை மணி நேரம் நடந்து, சர்க்கரை, எண்ணெய், மாவுப்பண்டங்களைக் குறைத்துக்கொண்டவர்களில் 39 பேருக்கு வந்தது. மாத்திரை மட்டும் எடுத்தவர்களுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். நம் சாப்பாடு சாப்பிட்டு நம்மைப் போல வாழ்கிறவர்களிடம் கிடைத்த முடிவு என்பதால் இதன் மேல் எனக்கு நம்பிக்கை அதிகம்.

சரி, எங்கே போய்ப் பார்ப்பது? ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷரும் சுகரும் இலவசமாகப் பார்க்கிறார்கள். 'கலைஞரின் வருமுன் காப்போம்' மருத்துவ முகாம் திட்டம் 2021 செப்டம்பரில் தொடங்கப்பட்டதே நம் மாவட்டத்து வாழப்பாடியில்தான். ஊரில் இப்படி ஒரு மருத்துவ முகாம் என்று ஒலிபெருக்கியில் சொன்னால், உடம்புக்கு ஒன்றும் இல்லாதவர்கள்தான் முதலில் போக வேண்டும். நோயாளிகள் எப்படியும் டாக்டரைப் பார்க்கத்தான் போகிறார்கள். 30 வயதைத் தாண்டியவர்கள் வருடத்துக்கு ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும். அப்பா அம்மாவுக்கு இருந்தால் இன்னும் முன்பே தொடங்கலாம். முகாமுக்கோ சுகாதார நிலையத்துக்கோ போகும் பெண்கள், 30 வயதுக்கு மேல் என்றால், கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கும் மார்பகப் புற்றுநோய்க்கும் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும் என்று கேட்டு வாங்கிச் செய்துகொள்ளுங்கள். கூச்சத்தால் தள்ளிப்போடப்படும் பரிசோதனை இது. கர்ப்பப்பை வாயில் புற்றாக மாறுவதற்கு முன்பே தெரிந்துவிட்டால் ஒரு சின்ன சிகிச்சையோடு முடிந்துவிடும்.

பிரஷர் பார்ப்பதில் ஒரு விஷயம். பஸ்ஸில் தொங்கிக்கொண்டு வந்து, படியேறி, மூச்சு வாங்க உட்கார்ந்த உடனே பார்த்தால் அளவு கூடத்தான் காட்டும். ஐந்து நிமிடம் சும்மா உட்காருங்கள். பிரஷர் பார்ப்பதற்கு முந்தைய அரை மணி நேரத்தில் டீ, பீடி வேண்டாம். முதுகைச் சாய்த்து, கால்களைத் தரையில் ஊன்றி, கையை நெஞ்சு மட்டத்தில் வைத்து, பேசாமல் இருக்க வேண்டும். மேல் அளவு 120, கீழ் அளவு 80, அதாவது 120/80 ஒட்டி இருந்தால் நல்லது. 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் உடனே பதற வேண்டியதில்லை. வேறொரு நாளிலும் பார்க்க வேண்டும். இரண்டு மூன்று நாளும் அப்படியே காட்டினால் அது பிரஷர்தான்.

ஏற்காட்டு மலைக் கிராமங்களில் இருப்பவர்களுக்கு இது இன்னும் அவசரமான விஷயம். பக்கவாதம் வந்தால், அடைப்பைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன் மூளையை ஸ்கேன் எடுத்து, உள்ளே ரத்தக்கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். எஸ்டேட் வீட்டில் இருந்து ஏற்காடு வந்து, அங்கிருந்து இருபது கொண்டை ஊசி வளைவும் இறங்கிச் சேலம் போய்ச் சேர்வதற்குள் அந்த நேரத்தில் பெரும்பகுதி கரைந்துவிடும். வாய் ஒரு பக்கம் கோணினாலோ, ஒரு கை தூக்க வராமல் விழுந்தாலோ, பேச்சு குழறினாலோ, "கொஞ்சம் படுத்து எழுந்தால் சரியாகிவிடும்" என்று விடாமல் 108-ஐக் கூப்பிட வேண்டும். அந்த ஓட்டமே தேவைப்படாமல் செய்வது வருடத்துக்கு ஒருமுறை பிரஷர் பார்க்கக் கையில் சுற்றும் அந்தப் பட்டைதான்.

உப்பு, டீ, நடை

இனி முதல் படி. உப்பில் இருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் வீட்டிலேயே கணக்குப் பார்த்துவிடலாம். ஒருவருக்கு நாளைக்கு 5 கிராமுக்குள், அதாவது ஒரு டீஸ்பூன் அளவுக்குள் உப்பு இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் அளவு. நான்கு பெரியவர்கள் உள்ள வீட்டில் நாளைக்கு 20 கிராம். அப்படியானால் ஒரு கிலோ பாக்கெட் 50 நாள் வர வேண்டும். உங்கள் வீட்டில் எத்தனை நாள் வருகிறது என்று பாருங்கள். பாக்கெட்டின் மேல் பிரித்த தேதியை எழுதி வைத்தால் போதும். வெளியே வாங்கித் தின்னும் மிக்சர், அப்பளம், ஊறுகாய், கருவாடு எதுவும் இந்தக் கணக்கில் வராது. ஒரு கிலோ இருபது நாளில் தீர்ந்துபோகிற வீட்டில், சாதம் வடிக்கும்போது போடும் உப்பையும், மோரில் போடும் உப்பையும் நிறுத்தினாலே நல்ல வித்தியாசம் தெரியும். இரண்டு மூன்று வாரத்தில் நாக்கு பழகிவிடும். இந்துப்புக்கு மாறிவிட்டோம் என்று நிம்மதி அடைய வேண்டாம். பிரஷரை ஏற்றும் சோடியம் அதிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது.

அடுத்தது டீ. பட்டறையிலும் தறிக்கூடத்திலும் நாளைக்கு நான்கு டீ என்பது சர்வசாதாரணம். ஒரு டீக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை என்றால் நான்கு டீக்கு ஏறக்குறைய 35 கிராம் ஆகிறது. ஒரு நாளைக்குச் சேர்த்துக்கொள்ளும் சர்க்கரை 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறார்கள். அதை டீயிலேயே தாண்டிவிடுகிறோம். ஒரு டீ 15 ரூபாய் என்றால் மாதம் 1,800 ரூபாய். டீயை விடச் சொல்லவில்லை. இரண்டைக் குறைத்து, மீதி இரண்டில் சர்க்கரை பாதி போடச் சொன்னால் மாதம் 900 ரூபாய் மிச்சம். அந்தப் பணத்தில் சூரமங்கலத்திலோ தாதகாப்பட்டியிலோ உழவர் சந்தைக்குப் போனால், வாரம் முழுக்கக் கீரையும் காயும் வாங்கலாம்.

தட்டுவடை செட்டைப் பற்றிச் சொல்லாமல் சேலத்தில் சாப்பாட்டைப் பற்றிப் பேச முடியாது. எனக்கு அதன் மேல் கோபம் இல்லை. கேரட், பீட்ரூட், வெங்காயம் எல்லாம் அதில் பச்சையாகவே இருக்கின்றன. தட்டுவடை எண்ணெயில் பொரித்தது, உப்பும் உண்டு, அவ்வளவுதான். வாரத்தில் ஒருநாள் ஒரு செட் சாப்பிடுகிறவருக்கு அதனால் ஒன்றும் ஆகாது. தினமும் மாலை இரவுச் சாப்பாட்டுக்குப் பதிலாக அதுவே ஓடுகிறது என்றால்தான் யோசிக்க வேண்டும்.

அதேபோல, "ராகிக்களி சாப்பிட்டால் சுகர் ஏறாது" என்ற நம்பிக்கையும் இங்கே பலமாக இருக்கிறது. ராகியில் சுண்ணாம்புச்சத்து அதிகம், நார்ச்சத்தும் உண்டு, அரிசியைவிட நல்லது. ஆனால் அதுவும் மாவுச்சத்துதான். இரண்டு பெரிய உருண்டை களியை வெறும் குழம்பில் தொட்டு விழுங்கினால் சுகர் ஏறத்தான் செய்யும். ஓர் உருண்டை, கூடவே ஒரு கிண்ணம் கீரை, கொஞ்சம் பருப்பு அல்லது முட்டை என்று இருந்தால் சரி. நம் ஊர் ஜவ்வரிசி இன்னும் எளிதாகச் சுகரை ஏற்றும், அது கிட்டத்தட்ட முழுக்க மாவுச்சத்து. காய்ச்சலில் கிடந்தவருக்குக் கஞ்சியாகக் கொடுப்பது வேறு, சுகர் உள்ளவர் "லேசான உணவு" என்று தினமும் குடிப்பது வேறு.

நடப்பதைப் பற்றி நீளமாகச் சொல்ல ஒன்றுமில்லை. வாரத்துக்கு 150 நிமிடம், பேச முடிகிற ஆனால் பாட முடியாத வேகத்தில். காந்தி ஸ்டேடியத்துக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை, இரண்டு ஸ்டாப்புக்கு முன்னால் பஸ்ஸை விட்டு இறங்கினாலும் அதே நடைதான். நாளெல்லாம் குனிந்து உட்கார்ந்து கொலுசுக்குப் பொடி வைக்கிறவர்களுக்கும், கல்லாவில் உட்கார்ந்திருப்பவர்களுக்கும் இது கட்டாயம். பீடி, சிகரெட், புகையிலைப் பாக்கெட் மூன்றும் உடம்பிலும் பையிலும் ஒரே நேரத்தில் ஓட்டை போடுகின்றன. அதில் பாதி குறைப்பது என்பதெல்லாம் வேண்டாம், முழுதாக விடுவதுதான் வழி.

தண்ணீர் டிரம்மும் டெங்குவும்

காசு செலவே இல்லாமல் தடுக்கக்கூடிய ஒரு நோய்க்கு வருடாவருடம் ஆயிரக்கணக்கில் செலவழிக்கிறோம் என்றால், அது டெங்கு. சேலத்தில் பல பகுதிகளில் குழாய்த் தண்ணீர் தினமும் வருவதில்லை. அதனால் டிரம், குடம், சிமெண்ட் தொட்டி என்று பிடித்து வைக்கிறோம். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குச் சாக்கடை தேவையில்லை. நாம் குடிக்கப் பிடித்து வைத்திருக்கும் சுத்தமான தண்ணீர்தான் வேண்டும். பகலில் கடிக்கும்.

அந்தக் கொசு முட்டையைத் தண்ணீரின் மேல் விடாது. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே, டிரம்மின் உள்சுவரில் ஒட்டி வைக்கும். தண்ணீரைக் கொட்டிவிட்டாலும் அந்த முட்டைகள் காய்ந்தபடியே மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். மறுபடி தண்ணீர் பிடித்து மட்டம் ஏறியதும் பொரிந்துவிடும். அதனால் டிரம்மைக் கவிழ்த்தால் போதாது, உட்புறத்தை நாரும் பவுடரும் போட்டு நன்றாகத் தேய்த்துக் கழுவ வேண்டும். முட்டை கொசுவாகிப் பறக்க ஏழு முதல் பத்து நாள் ஆகும். எனவே வாரத்துக்கு ஒருமுறை, ஒரே கிழமையில், தவறாமல். வீட்டில் யார் வேலை அது என்று முடிவு செய்துவிட்டால்தான் நடக்கும்.

மூடி இருந்தால் இறுக்கமான மூடி, இல்லாவிட்டால் பழைய வேட்டித் துணியைக் கட்டி வைத்தாலும் போதும். அப்புறம் பிரிட்ஜுக்குப் பின்னால் இருக்கும் தட்டு, பூந்தொட்டிக்கு அடியில் உள்ள தட்டு, மாடியில் கிடக்கும் டயர், தேங்காய் ஓடு. மாநகராட்சியில் இருந்து தொட்டியைப் பார்க்க வரும் பெண்களைச் சிலர் வாசலிலேயே நிறுத்தி அனுப்பிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். வருத்தமாக இருக்கும். வெயிலில் தெருத்தெருவாக நடந்து நம் பின்கட்டில் இருக்கும் புழுவை நமக்குக் காட்டித்தர வருகிறார்கள். உள்ளே விடுங்கள்.

தண்ணீரைப் பற்றிப் பேசும்போது இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். சேலம், தருமபுரி வட்டாரத்தில் சில இடங்களின் ஆழ்துளைக் கிணற்று நீரில் புளோரைடு அதிகம். குழந்தைகளின் பல்லில் பழுப்புக் கறை விழுவது அதன் அடையாளங்களில் ஒன்று. வருடக்கணக்கில் குடித்தால் எலும்பையும் மூட்டையும் பாதிக்கும். காய்ச்சிக் குடித்தால் கிருமி சாகும், புளோரைடு போகாது. நீர் வற்றுவதால் அடர்த்தி கொஞ்சம் கூடவே செய்யும். போர் தண்ணீரைக் குடிக்கிறவர்கள் குடிநீர் வடிகால் வாரிய ஆய்வகத்தில் ஒருமுறை சோதித்துப் பாருங்கள். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டினால் குடிக்கவும் சமைக்கவும் குழாயில் வரும் மேட்டூர்த் தண்ணீரை மட்டும் வைத்துக்கொண்டு, போர் தண்ணீரைத் துவைக்கக் குளிக்கப் பயன்படுத்தலாம்.

நோய் வந்துவிட்டவர்களுக்கு

ஏற்கெனவே பிரஷர், சுகர் இருப்பவர்கள் "இனி எனக்கு என்ன தடுப்பு" என்று விட்டுவிடக் கூடாது. மூன்றாவது படி அவர்களுடையது. அதில் நடக்கும் பெரிய தவறு, அளவு சரியாக வந்ததும் மாத்திரையை நிறுத்துவது. 130/80 வந்ததே மாத்திரையால்தான். நிறுத்தினால் பழைய இடத்துக்கே ஏறும், அதுவும் ஓசையில்லாமல். குறைக்கலாமா என்பதை டாக்டரிடம் கேட்டுத்தான் முடிவு செய்ய வேண்டும்.

சுகர் உள்ளவர்கள் தினமும் இரவு படுக்கும் முன் பாதத்தைப் பார்க்க வேண்டும். நரம்பு மரத்துப்போனவருக்கு முள் குத்தியது தெரியாது, செருப்பு கடித்தது தெரியாது. புண் சீழ் பிடித்த பிறகுதான் தெரியும். கண்ணாடி ஒன்றைத் தரையில் வைத்து அடிப்பாதத்தைப் பார்க்கலாம், அல்லது பேரப்பிள்ளையைப் பார்க்கச் சொல்லலாம். தோட்டத்திலும் பட்டறையிலும் வெறுங்காலோடு நடக்க வேண்டாம். வருடத்துக்கு ஒருமுறை கண்ணில் மருந்து விட்டு விழித்திரையைப் பார்க்கும் பரிசோதனையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்ற பரிசோதனையும் செய்ய வேண்டும்.

மாதாமாதம் வரும் மாத்திரைச் செலவுக்கும் வழி இருக்கிறது. ஆரம்ப சுகாதார நிலையத்தில் பிரஷர், சுகர் மாத்திரைகளை இலவசமாகத் தருகிறார்கள். நடந்து போக முடியாதவர்களுக்கு வீட்டுக்கே வந்து தரும் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம் 2021 ஆகஸ்டில் தொடங்கியது; உங்கள் பகுதி சுகாதாரச் செவிலியரிடம் பெயரைப் பதிந்துகொள்ளலாம். வெளியே வாங்குகிறவர்கள் மக்கள் மருந்தகத்திலோ, 2025-இல் தொடங்கிய முதல்வர் மருந்தகத்திலோ விலை கேட்டுப் பாருங்கள். அங்கே போகும் முன், டாக்டரிடம் கம்பெனிப் பெயரோடு மருந்தின் மூலப்பெயரையும் சீட்டில் எழுதித் தரச் சொல்லுங்கள். அந்தப் பெயரும் மில்லிகிராம் அளவும் இருந்தால்தான், விலை குறைந்த அதே மருந்தைக் கடைக்காரர் தேடி எடுத்துத் தர முடியும்.